மாப்பிள்ளை வண்டியின் முன்கண்ணாடி

அந்தச் சன்னலைச் சித்தெ இழுத்துச் சாத்துங்க, காத்து மூஞ்சில அறையுது. ஆங், போதுமுங்க. நான் காங்கேயம் போகணும். நீங்க? பல்லடமுங்களா? நல்லதாப் போச்சு, அதுவரைக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் கெடைச்சுது.

நீங்க என்னை ஏற எறங்கப் பாக்கறது தெரியுதுங்க. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, கையில தங்கப் பட்டை வாட்ச்சு, இந்தாளு எதுக்கு இந்த நெரிசல்ல பஸ்சுல வர்றான்னு நெனைக்கறீங்க. எனக்கு எண்ணெய் மில்லு இருக்குதுங்க. கொப்பரை காயப் போடற களம் இருக்குது. வீட்டுல காரும் நிக்குது. ஆனா இன்னிக்குக் காலைல நான் வந்தது அதுல இல்லை. எங்க மாப்பிள்ளை வண்டில வந்தேன்.

பாத்திருக்கீங்களான்னு தெரியலை, ஸ்போர்ட்ஸ் காரும்பாங்க. மஞ்சக் கலரு. தரையோட தரையாப் படுத்துக் கெடக்கும். உக்காரணும்னா குனிஞ்சு, மடங்கி, முழங்காலைக் கையில புடிச்சுட்டு உள்ள போகணும். சூலூர்ல டீ குடிக்க நிறுத்தினோம், நாலு பசங்க செல்போனைத் தூக்கிட்டு ஓடியாந்துட்டானுங்க. எம்பொண்ணு மிருதுளா கல்யாணத்துக்கு நான் குடுத்தது. அவங்க கேட்டு வாங்கலீங்க, அதைச் சொல்லிப்போடணும். பொண்ணு பாக்க வந்தப்ப சம்பந்தியம்மா, "எம்பையன் தரணிக்கு வண்டின்னா உசுருங்க"ன்னு சொன்னாங்க. நிச்சயத்தன்னிக்கு ஒருக்காச் சொன்னாங்க. பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னால ஒருக்காச் சொன்னாங்க. ஆனா வாயைத் தொறந்து கேக்கவே இல்லை. அப்பேர்ப்பட்ட கௌரவமான குடும்பம்.

இப்ப அந்த வண்டியையும் பொண்ணையும் சிங்காநல்லூர்ல மாப்பிள்ளை கையில ஒப்படைச்சுட்டுத்தான் வர்றேன். மனசு நிம்மதியா இருக்குதுங்க. மத்தியானச் சோறு எறங்கலை, அது வேற. வயசாச்சுதில்ல.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு பூசணிக்காய்ங்க. சிரிக்காதீங்க.

போன ஆயுத பூசைக்கு மாப்பிள்ளை வீட்டுல கூப்பிட்டிருந்தாங்க. பூசை முடிஞ்சு திருஷ்டி சுத்தறப்ப சம்பந்தி சொன்னாரு, "வண்டி குடுத்தவரு கையாலயே ஒடைக்கட்டும்"னு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்கல்ல, அந்த மாதிரி வண்டிக்கு எத்தனை கண்ணு பட்டிருக்கும்? பூசணில சதுரமா ஒரு துண்டு கீறி எடுத்து, உள்ள குங்குமமும் சில்லறையும் போட்டு மூடறது வழக்கம். ஊர்ல ஒரு ரூபாக் காசு போடுவாங்க. நான் மெனக்கெட்டு வீட்டுல இருந்து அந்தப் பழைய தடி அஞ்சு ரூபாக் காசா ஒரு கை அள்ளிட்டுப் போயிருந்தேன். மகள் வீட்டுல போயி கஞ்சத்தனம் பண்ணலாமா?

கற்பூரத்தைப் பத்த வெச்சு, வண்டியைச் சுத்தி வந்து ஓங்கிப் போட்டேன். கொப்பரை மூட்டை தூக்கின கை. காய் நாலாப் பக்கமும் செதறுச்சு. ஒரு காசு மட்டும் தெறிச்சு எந்திரிச்சு வண்டி முன்கண்ணாடில டிங்குன்னு அடிச்சுது. போயிப் பாத்தா, டிரைவர் பக்கமா, கொத்தமல்லி வெதை அளவுக்கு ஒரு வடு.

மாப்பிள்ளை வந்து பாத்தாரு. உள்ள போனவரு பந்திக்கு வெளிய வரலை. அதெல்லாம் பெரிய மனுசத்தனமுங்க. வேற ஒருத்தனா இருந்தா மாமனாரை நாலு பேரு முன்னால கேட்டிருப்பான். எம்பொண்ணு மூஞ்சிதான் வெளுத்துப் போச்சு. எங்கிட்ட வந்து, "சாப்ட்டுட்டுச் சீக்கிரம் கெளம்புங்கப்பா"ன்னா. எம்பட சம்சாரம் சாந்தாமணி, "நீயும் வா அம்மிணி, ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்"னு கூப்பிட்டா. இவ மாப்பிள்ளை இருந்த ரூம்புக் கதவையே பாத்துட்டு, "இப்ப வேண்டாங்கம்மா"ன்னுட்டா. ஒரு வடுவுக்கு இத்தனை பயமான்னு நான்கூடக் கேலி பண்ணினேன்.

பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் காலைல, களத்துல ஆளுங்களோட கொப்பரையைப் பரப்பிட்டு இருக்கறேன், மஞ்ச வண்டி வந்து நிக்குது. மிருதுளா தனியா ஓட்டிட்டு வந்திருக்கா. கட்டின துணியோட. நெத்தில பெருசா ஒரு பிளாஸ்திரி. இந்நேரத்துல என்ன கண்ணுன்னு கேட்டுட்டே கிட்டப் போனேன், அப்பத்தான் கண்ணாடியைப் பாக்கறேன். பக்குன்னு ஆயிருச்சு. பக்கத்து சீட்டுக்கு நேரா, வட்டமா ஒரு ஒடைசல். அதுல இருந்து ரெண்டு கோடு, வெரல் நீளத்துக்கு.

போச்சு, நம்ம காசு பட்ட வடுதான் வெயில்ல வளந்துருச்சுன்னு நெனச்சேன். என்ன கேட்டீங்க? ஆமாங்க, வடு டிரைவர் பக்கம். ஒடைசல் இந்தப் பக்கம். இருந்தா என்னங்க? ஒரே கண்ணாடிதான? அங்க அடிச்சா இங்க ஓடி வராதுங்களா? கண்ணாடியோட கொணம் அப்படி.

ஈரத் துணியை எடுத்து உள்பக்கமாத் தொடச்சேன். விரிசல்ல ஒரு முடி சிக்கியிருந்துச்சு. நீளமான முடி. உருவிக் கீழ போட்டேன். இந்தக் காலத்துப் புள்ளைங்க தலையைப் பின்னாம விரிச்சுப் போட்டுட்டுப் போறாங்க, முடி கண்ட எடத்துல ஒட்டிக்குது.

அவ அம்மாகிட்ட என்னமோ சொல்லியிருக்கறா. சாந்தாமணி வந்து எங்கிட்டச் சொன்னா. மாப்பிள்ளைக்குக் கோவம் வந்தா, போற வண்டில இவளைப் பெல்ட்டைக் கழட்டச் சொல்லுவாராம். கழட்டினதும் வேகமா ஓட்டி, வெடுக்குனு பிரேக் அடிப்பாராம். இது மொதத் தடவை இல்லையாம். நான் கேட்டேன், "ஏம்புள்ள, அது வேகமாப் போறதுக்குன்னே செஞ்ச வண்டி. வேகமாப் போற வண்டி பிரேக் போடாமயா நிக்கும்?" சாந்தாமணி என்னை ஒரு பார்வை பாத்துட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. அன்னிக்கு ரசத்துல உப்பே இல்லை.

அடிக்கற கைதான் அணைக்கும்பாங்க. அவரு அடிச்சாருன்னு சொல்லலீங்க நான். பழமொழியைச் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு நானே போன் பண்ணினேன். ரெண்டு மூணு நாள் எடுக்கலை. அப்புறம் எடுத்தாரு. "மாமா, வேற எதுவும் எங்கிட்டப் பேச வேண்டாம். கண்ணாடி முன்ன எப்படி இருந்துதோ அப்படி ஆகட்டும். ஆனப்புறம் வண்டியோட அவளும் வரட்டும்"னாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அவரு என்ன சொல்லுவாரோ, வக்கீலு கோர்ட்டுன்னு போயிருவாரோன்னு பயந்துட்டு இருந்தேன். கண்ணாடிதான கேக்கறாரு? அது நாயந்தான? ஒடைச்சது நானு.

இப்ப இருக்கற கேள்வி, அதை மாத்தறதா, ஒட்டறதா? கோயமுத்தூர் ஷோரூம்ல கேட்டா, இதை ஒட்டக்கூடாது, மாத்தித்தான் ஆகணும், கண்ணாடி வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வரணும், ரெண்டு மாசமாகும்னாங்க. நமக்குத் தெரிஞ்ச லாரிக்காரரு ஒருத்தரு, சிங்காநல்லூர்ல ஒரு ஆள் இருக்கறான், விரிசல்ல மருந்தை ஏத்தி, லைட்டைக் காட்டிக் காய வெச்சு, பாலீஷ் போட்டுத் தந்துருவான், நீங்க காபி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுரும்னாரு. எனக்கு அதுதான் சரின்னு பட்டுது. இன்னிக்கு ஒட்டினா நாளைக்கு அனுப்பிரலாம்.

மிருதுளாதான் ஒத்துக்கலை. "மாத்திரலாங்கப்பா. ஒட்டினா அவரு கண்டுபுடிச்சுருவாரு. புதுசே போட்டுரலாம்." ரெண்டு மாசம் ஆகுமாம் கண்ணுன்னேன். "ரெண்டு மாசந்தானுங்களா?"ன்னு கேட்டா. பாருங்க, புருசன் வண்டி மேல எத்தனை அக்கறை, எத்தனை மாசமானாலும் புதுசுதான் வேணுங்கறா. சரின்னு புதுசுக்கே சொல்லிட்டேன்.

அந்த ரெண்டு மாசம் எங்கூட்டுல இருந்தா. வந்த புதுசுல, காத்துக்குக் கதவு டமார்னு சாத்தினாக்கூட கையைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்குவா. நான் கூப்பிட்டா திடுக்குனு எந்திரிச்சு நிப்பா. அப்புறம் எப்பவோ அது நின்னு போச்சு. களத்துல பொம்பளைங்களோட உக்காந்து கொப்பரை பொறுக்குவா. மில்லுக்கு எண்ணெய் வாங்க வர்றவங்ககிட்ட வாயடிப்பா. கன்னத்துல சதை போட்டுது. எங்க ஊருத் தண்ணி ஒத்துக்கிச்சுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். வெளிய சொல்லிக்கலையே தவிர எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சுங்க, பொய் எதுக்குச் சொல்லணும்? காலைல எந்திரிச்சா வீட்டுல அவ பேச்சுச் சத்தம் கேக்கும்.

கண்ணாடியும் வந்துச்சு. வந்துச்சுன்னு ஷோரூம்ல இருந்து போன் பண்றான், மூலைல ஒடஞ்சு வந்திருக்குது, திருப்பி அனுப்பிட்டோம், இன்னும் ரெண்டு மாசம் பொறுங்கன்னு. எனக்குச் சோத்துல மண்ணு விழுந்த மாதிரி ஆயிருச்சு. மிருதுளாகிட்டச் சொன்னேன். எந்திரிச்சு உள்ள போனா. பாவம், அழுகறாளோ என்னமோன்னு பின்னாலயே போயிப் பாத்தா, பருப்பு வேக வெச்சுட்டு இருக்கறா. ஒப்புட்டுப் போளிக்கு. நோம்பியும் இல்லை, நொடியும் இல்லை. என்ன விசேசம் அம்மிணின்னேன். "சும்மாதாங்கப்பா, திங்கணும்னு தோணுச்சு"ன்னா. களத்து ஆளுங்களுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு குடுத்தா. கண்ணாடி ஒடஞ்சு வந்த அன்னிக்கு ஒப்புட்டுச் சுடறவளை நீங்க பாத்திருக்கீங்களா? என்னத்தைப் படிச்சாளோ.

இப்படியே போயிருந்தாலும் போயிருக்கும். இதுக்கு நடுவுல எம்பையன் கவினுக்குப் பொண்ணு அமைஞ்சுது, தாராபுரத்துப் பக்கம். நல்ல எடம். எங்க பக்கத்துக் கல்யாணத்துல இணைச்சீருன்னு ஒண்ணு உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ வந்து பக்கத்துல நின்னு செய்யற சீரு. அது இல்லாமத் தாலியே இல்லை. சபை மொத்தமும் அவளைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கும். பொண்ணோட அப்பா எங்கிட்டக் கேட்டாரு, "இணைச்சீருக்கு உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் சோடியா வந்துருவாங்கல்லங்க?" அவ்வளவுதான் கேட்டாரு. சாதாரணமாத்தான் கேட்டாரு. எனக்கு அதுல இருந்து தூக்கம் போச்சு.

என்ற தங்கச்சி வேற வந்து ஓதறா. "என்னண்ணா, கண்ணாடி கண்ணாடிங்கறே, காருக்குக் கண்ணாடி இல்லைன்னா பொண்ணு பொறந்த வீட்டுல இருக்கணும்னு எந்த ஊருச் சட்டம்?" கல்யாணம் அடுத்த மாசம். கண்ணாடி வர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுரும். முடிவு பண்ணிட்டேன். மாத்த வேண்டாம், ஒட்டிரலாம்.

மிருதுளாகிட்டச் சொன்னப்ப அவ கொப்பரை பொறுக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்கலை. "மாத்தறேன்னு சொன்னீங்களேப்பா."

"ஒட்டினாலே போதும் கண்ணு. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேப்பா."

தெரியாதா பின்ன? மூஞ்சிக்கு நேராத்தான இருக்குது. போகப் போகப் பழகிரும்னேன். அப்புறம் என்னென்னமோ சொன்னா. இணைச்சீருக்குத் தனியாவே வந்து நிக்கறேன், யாராச்சும் கேட்டா நானே பதில் சொல்லிக்கறேன்னா. சபைல நின்னு பதில் சொல்லுவாளாம். கவினும், "அக்கா தனியா நின்னாலே எனக்குப் போதும்ப்பா, இல்லாட்டிக் கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கலாம்"னு குதிக்கறான். அவனுக்கு என்ன தெரியும்? தள்ளி வெச்சா ஏன்னு கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்லட்டும்? எம்மாப்பிள்ளை பிரேக் போடறாருன்னு சொல்லட்டுமா?

நீங்க என்னத்துக்கு அப்படிப் பாக்கறீங்க? போலீசா? அட ஏனுங்க, நீங்க வேற. குடும்பத்துக்குள்ள போலீசு வந்தா அப்புறம் யாரு பொண்ணு குடுப்பா, யாரு பொண்ணு எடுப்பா?

இன்னிக்கு வெள்ளிக்கெழமை, வளர்பிறை. நல்ல நாளுன்னு கெளம்பினோம். சாந்தாமணி வாசலுக்கு வரலை. உள்ள இருந்துட்டே சொல்றா, "வண்டியை மட்டும் கொண்டு போயி விட்டுட்டு வாங்க. அவிங்க வண்டிதான கேட்டாங்க?" பொம்பளை ரோசனையைப் பாருங்க. வண்டியை மட்டும் அனுப்பினா அதுக்கு என்ன அர்த்தம்? எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். முப்பது வருசம் எங்கூடக் குடும்பம் நடத்தினவ, வாசல் வரைக்கும் வந்து பொண்ணுக்குத் துன்னூறு பூசி அனுப்பலை. நாந்தான் பூசிவிட்டேன்.

மிருதுளா ஓட்டிட்டு வந்தா. நான் பக்கத்துல. அந்த ஒடைசல் எனக்கு நேரா, நெத்திக்கு நேரா இருந்துச்சு. கெளம்பறப்பவே, "அப்பா, பெல்ட்டைப் போடுங்க"ன்னா. சிங்காநல்லூருக்குத்தான போறம், எதுக்குன்னேன். அவளே எக்கி இழுத்து மாட்டிவிட்டு, ரெண்டு தடவை இழுத்துப் பாத்துக்கிட்டா. வழியெல்லாம் மாட்டு வண்டியாட்டம் ஓட்டினா. சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான். வேகமாப் போறதுக்குன்னு செஞ்ச வண்டியை இப்படியா ஓட்டறதுன்னு கேட்டேன். "போயிச் சேரணுமில்லங்கப்பா"ன்னா.

ஒட்டறவன் ஒடைசலை நகத்தால தடவிப் பாத்துட்டு மொகத்தைச் சுளிச்சான். "பாக்கறதுக்கு மறையுமுங்க. பலம் வராது. இன்னொரு அடி தாங்காது. மாத்தறதுதான் நல்லது"ன்னான். "பாக்கறதுக்குத்தாம்ப்பா வேணும்"னேன். மிருதுளா பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா. அங்க நெழலு இருக்குது, பெஞ்சு இருக்குது. அவ போயி வெயில்ல நின்னுக்கிட்டா.

நல்லாத்தான் செஞ்சிருந்தான். உத்துப் பாத்தாத்தான் தெரியும். மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன். ஆட்டோ புடிச்சு அங்கயே வந்துட்டாரு. வாங்க மாப்பிள்ளைன்னேன், தலையை ஆட்டினாரு. நேரா வண்டிகிட்டப் போனாரு. குனிஞ்சு பாத்தாரு, சாஞ்சு பாத்தாரு, வெயிலுக்கு எதுத்தாப்புல நின்னு பாத்தாரு. கட்டை வெரலால வெளிய ஒருக்கா, உள்ள ஒருக்காத் தடவினாரு. அப்படி ஒரு நுணுக்கம். இது பத்தாதுன்னுட்டா என்ன பண்ணுவேன்? மறுபடியும் பொண்ணைக் கூட்டிட்டு எந்த மூஞ்சியோட ஊருக்குப் போவேன்? கடைசில நிமுந்து, "பரவால்ல மாமா, விடுங்க"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. கையெடுத்துக் கும்பிட்டேன்.

மிருதுளாவுக்குப் புருவத்துக்கு மேல ஒரு தழும்பு நின்னு போச்சு. அதை அவரு பாக்கலை. பாக்காததும் நல்லதுக்குத்தான். பழசைக் கெளறாத மனுசன்.

அவரு சாவியை வாங்கிட்டு ஏறி உக்காந்துட்டாரு. ஏறுன்னாரு. இவ அந்தப் பக்கத்துக் கதவுகிட்ட நிக்கறா, தொறக்கலை. எங்கையைப் புடிச்சுக்கிட்டா. கை ஐஸ் மாதிரி இருக்குது, அந்த வெயில்ல. அவருக்குக் கேக்காத மாதிரி, மெதுவா எங்கிட்டக் கேட்டா, "அப்பா, நான் பின்னாடி உக்காந்துக்கட்டுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இந்த வண்டில ஏது கண்ணு பின்னாடி சீட்டு? இருக்கறதே ரெண்டுதான்"னு சொல்லி, நானே கதவைத் தொறந்து முன்னால உக்கார வெச்சேன். கதவைச் சாத்தினதும் சர்ருன்னு எடுத்துட்டாரு. எனக்கு அதுல எடமில்லைல்ல, அதான் பஸ் ஏறினேன்.

ஆனா ஒண்ணுங்க. அப்ப இருந்து அதே ஞாபகமா இருக்குது. ரெண்டு வருசமா அந்த வண்டில போறா, வர்றா. காலைல அவளேதான் ஓட்டிட்டு வந்தா. பின்னாடி சீட்டு இல்லைன்னு அவளுக்குத் தெரியாதுங்களா?